ஓவனுக்குத் தமிழ் தெரியாதாம்!

மக்களே, இது கொஞ்சம் நட்டு போல்ட்டு பதிவு. சாலிடர் புகை ஒத்துக்காதவங்க நேரா கடைசிப் பத்திக்குப் போயிடுங்க. அங்க உங்களுக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன்.

சொல்ல வர்றது இதுதான். தொடுதிரை வெச்ச ஒரு சின்னக் கருவியில தமிழ் வருமா வராதாங்கறதை நாம எப்பவும் மென்பொருள் சமாச்சாரமாவே பேசிட்டு இருக்கோம். எழுத்துரு இல்ல, நூலகம் இல்ல, அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்னு. என் கட்சி வேற. அது முடிவாகறது போர்டு வரையறப்பவே. கைகேட்ல முதல் மணி நேரத்துல, எந்தச் சில்லு, எத்தனை கால், எங்க இடம்னு வரையறவர் எடுக்கற முடிவு அது. அப்போ விட்டா அப்புறம் யார் கோடு எழுதினாலும் வராது.

சோழவரத்துல இருந்து பேசறேன். சென்னைக்காரங்களுக்கு எங்க ஊர்னா ஏரி ஞாபகம் வரும். கொஞ்சம் வயசானவங்களுக்கு ரேஸ். ரெண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுதளத்துல 1980-கள் முடியற வரைக்கும் காரும் பைக்கும் பறந்த ஊரு. 1990-ல இருங்காட்டுக்கோட்டையில தனிப் பாதை வந்ததும் அந்தச் சத்தம் இங்க அடங்கிடுச்சு. அந்தக் காலத்துல கோயமுத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதின்னு ரேஸ் காரே செஞ்சவர். வெளிநாட்டுல இருந்து வர்றதைப் பாத்து வாயப் பொளக்காம, கையில இருக்கறதை வெச்சுச் செஞ்சு ஓட்டின ஆளு. இந்தப் பொழுதுபோக்குல எனக்கு அவருதான் குருநாதர், அவருக்குத் தெரியாமலே.

இப்ப இந்தப் பக்கம் கேக்கற சத்தம் வேற. ரெட்ஹில்ஸ் தாண்டி, சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டைன்னு கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலையில ரெண்டு பக்கமும் பட்டறைங்க. பெரிய கம்பெனி கதையை விடுங்க, அங்க இஞ்சினியர் இருக்காரு. நான் சொல்றது தகரக் கூரை போட்டு ஏழெட்டுப் பேர் வேலை செய்யற இடம். அதுல எனக்குத் தெரிஞ்ச ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை. ஜன்னல் கிரில், பீரோ கதவு, பெஞ்சு கால் எல்லாம் கழுவி, பொடி அடிச்சு, ஓவன்ல தள்ளி 180-ல இருந்து 200 டிகிரியில பத்துப் பதினஞ்சு நிமிஷம் வேக வெப்பாங்க. இட்லி மாதிரிதான், கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா மொத்தமும் போச்சு.

அந்த ஓவன்ல ஒரு தொடுதிரைப் பேனல். எங்க செஞ்சதோ, பேரெல்லாம் வேணாம். திரை முழுக்க இங்கிலீஷ். அங்க வேலை செய்யற அக்கா ஒருத்தங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? திரையோட ஓரத்துல வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால "சூடு", "நேரம்", "நிறுத்து"ன்னு எழுதிட்டாங்க. பாத்ததும் சிரிப்பு வந்துச்சு. ரெண்டு நிமிஷம் நின்னு பாத்தா சிரிப்பு போயிடுச்சு. ஏன்னா திரையில பக்கம் மாறுது, டேப் மாறாது. ரெண்டாவது பக்கத்துல "நிறுத்து"ன்னு எழுதின இடத்துக்கு நேரா இருக்கறது நேரத்தை முதல்ல இருந்து ஓட்டற பொத்தான்! அக்காவுக்கு அது பழகிப்போச்சு. "ரெண்டாவது பக்கத்துல டேப்பப் பாக்காத சார்" அப்படின்னு எனக்கே பாடம் எடுத்தாங்க.

ஆனா ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த பையன் புதுசு. ஒடிசாக்காரப் பையன். சூடு அளக்கற தெர்மோகப்பிள் கம்பி அறுந்துபோச்சு. பேனல் ஒழுங்கா சிவப்புல ஒரு வரி காட்டுச்சு, இங்கிலீஷ்ல. இந்தப் பேனல் நாளைக்குப் பத்து தடவை சிவப்பு காட்டும். கதவு திறந்தா சிவப்பு, நேரம் முடிஞ்சா சிவப்பு. எல்லாத்துக்கும் ஓகே அமுக்கறதுதான் பழக்கம். இதுக்கும் அமுக்கிட்டான். பேனலோ கடைசியா படிச்ச சூட்டையே பிடிச்சுக்கிட்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு ஹீட்டரை ஓட விட்டுச்சு. ஒரு லோடு வெள்ளை கிரில் மஞ்சளாகி, ஓரமெல்லாம் கருகிப்போச்சு. நஷ்டத்துல ஒரு பங்கு அந்தப் பையன் கூலியில. நெருப்பு பிடிக்காம போனது அவங்க நல்ல நேரம்.

பையனுக்கு இங்கிலீஷ் தெரியலைங்கறது தப்பா? மூணு மொழி பேசறான்யா அவன்! பேனலுக்குத்தான் ஒரே ஒரு மொழி.

சரி, அதுக்குப் பதிலா நாமளே ஒரு போர்டு செஞ்சா என்னன்னு உக்காந்தேன். 2.8 அங்குலத் திரை, 320-க்கு 240 புள்ளி, ஐஎல்ஐ9341 சில்லு போட்டது. ரிச்சி தெருவுல எந்தக் கடையிலயும் கிடைக்கும். மூளைக்கு எஸ்டிஎம்32எஃப்103. நம்மள மாதிரி பொழுதுபோக்கு ஆளுங்களுக்கு ரொம்ப வருஷமா சோறு போடற சில்லு. இதெல்லாம் தேடிப் பாத்தா ஆயிரம் பேர் செஞ்சு வெச்சிருக்காங்க. எல்லாத்துலயும் திரை இங்கிலீஷ்தான்.

ஏன்னு பாத்தா, இந்தச் சின்னச் சில்லுங்களுக்கான எழுத்து நூலகம் பெரும்பாலும் எழுத்தை ரயில் பெட்டி மாதிரி வரிசையா வெச்சுட்டுப் போயிடும். இங்கிலீஷுக்குப் போதும். நம்ம "கொ" இருக்கே, ஒருங்குறியில அது "க", அப்புறம் ஒகரக் குறி, அவ்ளோதான். திரையில வர்றப்போ கொம்பு முன்னாடி வரணும், நடுவுல க, அப்புறம் கால். இந்த மாத்தி அடுக்கற வேலையை நம்ம கம்ப்யூட்டர்லயும் போன்லயும் ஒரு பெரிய மென்பொருள் சத்தமில்லாம செய்யுது. 20 கேபி ராம் வெச்ச சில்லுல அதைக் கொண்டு வந்து குடி வைக்கறது பெரும்பாடு. அதான் எல்லாரும் "இந்திய மொழி சப்போர்ட் இல்லை"ன்னு ஒரு வரி எழுதிட்டுக் கிளம்பிடறாங்க.

இங்கதான் நம்ம பழைய பதிவர்களுக்குக் கண்ணுல தண்ணி வரப்போற இடம். திஸ்கி ஞாபகம் இருக்கா? 2000-களோட ஆரம்பத்துல திஸ்கியா ஒருங்குறியான்னு நாம போட்ட சண்டையும், உமர்தம்பி தேனீ எழுத்துரு குடுத்தப்புறம் தமிழைக் கட்டம் கட்டமா பாக்காம எழுத்தா பாத்த சந்தோஷமும்? (அவர் 2006-ல நம்மள விட்டுப் போயிட்டாரு.) கம்ப்யூட்டர்ல ஒருங்குறி ஜெயிச்சது நியாயம்தான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா மைக்ரோகன்ட்ரோலருக்குத் திஸ்கி ரொம்பப் பொருத்தம். ஒரு எழுத்து வடிவத்துக்கு ஒரு பைட்டு. கண்ணுக்கு எப்படித் தெரியணுமோ அதே வரிசை, கொம்பு முன்னாடின்னா கோப்புலயும் முன்னாடி. மேல இருக்கற 128 இடத்துக்குள்ள தமிழ் மொத்தமும் அடங்கிடும், கீழ இருக்கற 128-ல இங்கிலீஷ் பாட்டுக்கு இருக்கும். ரயில் பெட்டி நூலகத்துக்கு இதைவிட என்ன வேணும்? கம்ப்யூட்டர்ல ஒருங்குறியில எழுதி, திஸ்கிக்கு மாத்தி, சில்லுல ஏத்திடலாம். நாம பரண்ல போட்டது ஓவனுக்கு உதவுது பாருங்க :-)

இல்ல, ஒவ்வொரு எழுத்தும் தனிப் படமா அழகா வேணும்னா டேஸ்16 இருக்கு. 2010-ல தமிழ்நாடு அரசு ஒருங்குறியோட சேத்து ஏத்துக்கிட்டது. உயிர்மெய் ஒவ்வொண்ணுக்கும் தனி எண். அதுக்குக் கணக்கு போட்டுப் பாத்தேன். 247 எழுத்து. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைக்குப் பதிமூணு பதிமூணா 65, ஸ்ரீ ஒண்ணு. ஆக 313. ஒரு எழுத்துக்கு 32-க்கு 24 புள்ளின்னு வெச்சா 96 பைட்டு. மொத்தம் 30,048 பைட்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு ரெண்டு அளவு வெச்சா 60 ஆயிரத்தைத் தாண்டும். நம்ம எஸ்டிஎம்32-ல மொத்த ஃபிளாஷே 64 கேபி. எழுத்து உள்ள போனா ப்ரோகிராம் வெளிய நிக்கணும். ஆர்டுயினோ ஊனோவுல இருக்கற ஏடிமெகா328-ன்னா 32 கேபிதான், பேச்சே வேணாம்.

இப்போ புரியுதா, நான் ஏன் இது போர்டு சமாச்சாரம்னு சொன்னேன்னு? தீர்வு ஒரு எட்டுக்கால் சில்லு. டபிள்யூ25க்யூ32-ன்னு ஒரு ஃபிளாஷ் நினைவகம், 4 எம்பி. ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடற காசு. திரைக்குப் போற அதே மூணு எஸ்பிஐ கம்பியிலேயே இதையும் கோத்துடலாம், கூடுதலா ஒரே ஒரு கால் அதைக் கூப்பிட. வரையறப்போ இடம் விட்டா பத்து நிமிஷ வேலை. விடாம போர்டை அடிச்சு, பெட்டியில போட்டு, சுவத்துல மாட்டிட்டா? பறவைக்கூடு மாதிரி கம்பி இழுக்கணும். பட்டறையில அது ஒரு மாசம் தாங்காது. (திரைக்குப் பின்னாடி எஸ்டி கார்டு ஸ்லாட் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. வீட்டு மேசைக்குப் போதும். நாள் முழுக்க அதிர்ற இடத்துல, மாவு மாதிரி பொடி பறக்கற இடத்துல, ஸ்பிரிங்குல நிக்கற கார்டை நான் நம்ப மாட்டேன்.)

இன்னும் ஒரு படி மேல போகலாம். ஓவனுக்குப் பேச்சு ரொம்பக் கம்மி. "கதவை மூடவும்", "இன்னும் இத்தனை நிமிடம்", "சூடு அளக்கும் கம்பி அறுந்துவிட்டது, முதலாளியைக் கூப்பிடவும்". எண்ணிப் பாத்தா 50 வரி தாண்டாது. அப்போ எழுத்தை எதுக்குக் கோக்கணும்? முழு வரியையே கம்ப்யூட்டர்ல அழகா எழுதி, படமா மாத்தி, ஃபிளாஷ்ல போட்டுடலாமே. திரையோட முழு அகலம் 320 புள்ளி, உயரம் 32 புள்ளி, கறுப்பு வெள்ளை: 1,280 பைட்டு. 50 வரிக்கு 64,000. தமிழ், இந்தி, ஒடியா, இங்கிலீஷ்னு நாலு மொழிக்கு 2,56,000 பைட்டு. 4 எம்பியில இது பழைய கணக்குல ஒரு வீசம்கூட இல்ல! எண்ணை மட்டும் தனியா வரைஞ்சா போதும். கொம்பு முன்னாடியா பின்னாடியாங்கற தலைவலியே கிடையாது. இந்தியில இருக்கற கூட்டெழுத்துக்கும் இதே வழிதான்.

அதனால யாராவது "சின்ன சில்லுல இந்திய மொழி கஷ்டம் சார்"னு சொன்னா நம்பாதீங்க. ஒரு ஃபிளாஷ் சில்லுக்கு இடம் விட மனசு வரலைன்னு அர்த்தம்.

இதை யோசிச்ச முதல் ஆளு நான்னு பீத்திக்கல. சிம்ப்யூட்டர்னு ஒண்ணு இருந்துச்சு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்துக்காரங்களும் சேந்து 2001-ல காட்டினது. கையடக்கம், தொடுதிரை, 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அவங்க மொழியிலேயே பேசற திட்டம். போர்டு வடிவமைப்பையும் உரிமத்தோட வெளிய விட்டாங்க. 2004-ல பாரத் எலக்ட்ரானிக்ஸ் மூலமா அமிடான்னு கடைக்கு வந்துச்சு. நெனச்ச அளவு விக்கல. அதைத் தோல்வின்னு சிரிக்கறவங்க நிறைய. எனக்கு அதுல பிடிச்ச விஷயம், யாரு இதைத் தொடப்போறாங்கன்னு கேட்டுட்டு அப்புறமா போர்டை ஆரம்பிச்சாங்க. இப்போ அதே மாதிரி 320-க்கு 240 திரை தெருவுல கிடைக்குது, ஆனா அந்தக் கேள்வியை யாரும் கேக்கறதில்ல.

அந்தக் கேள்வியைக் கேட்டா போர்டுல வேற பலதும் மாறும். தொடுதிரையில ரெண்டு சாதி. போன்ல இருக்கறது விரல்ல இருக்கற மின்சாரத்தை உணர்றது. கை உறை போட்டா பாதி நேரம் கேக்காது. இன்னொண்ணு அழுத்தத்துக்குப் பேசறது, எக்ஸ்பிடி2046 சில்லு வெச்சு வரும். பழைய மாடல், மங்கல், ரெண்டு விரல் தெரியாதுன்னு நம்மாளுங்க அதை மட்டமா பாப்பாங்க. ஓவன்கிட்ட நிக்கறவங்க கையில தடி உறை, உறை மேல பொடி. அழுத்தினா போதும்ங்கற திரைதான் அங்க மரியாதை. ஒரே எஸ்பிஐ கம்பியில திரையும் இதுவும் இருந்தாலும் திரையோட பேசற வேகத்துல இதோட பேசக்கூடாது. திரைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் குடுக்கலாம், இதுக்கு ரெண்டு தாண்டாம வெச்சுக்கணும்.

நிறுத்தற பொத்தான் திரையில கூடவே கூடாது. சிவப்புக் காளான் பொத்தான், ஹீட்டரோட கான்டாக்டர் கம்பியிலேயே நேரா. இதுல பேரமே கிடையாது. அதே மாதிரி போர்டு செத்துப்போனாலும் தானா அறுக்கற ஒரு தனி தெர்மோஸ்டாட். தெர்மோகப்பிளுக்கு மேக்ஸ்6675 போட்டா கம்பி அறுந்துச்சான்னு சொல்ல அதுலயே ஒரு பிட்டு இருக்கு, அதைப் படிச்சு ஹீட்டரை நிறுத்தறது ரெண்டு வரி கோடு. அந்தப் பேனல் செஞ்சவங்களுக்கு அந்த ரெண்டு வரி எழுத நேரமில்ல போல.

மின்சாரம் பத்தி ஒரே விஷயம். பட்டறையில 12 வோல்ட் இருக்கேன்னு 3.3-க்கு நேரா ஒரு 1117 ரெகுலேட்டர் போடுவாங்க. திரை விளக்கும் சேந்து 150 மில்லிஆம்ப் இழுத்தா, மிச்சம் 8.7 வோல்ட்டும் சூடா போகும், 1.3 வாட். ஓவன் பக்கத்துல ஏற்கனவே சூடு. முதல்ல 5 வோல்ட்டுக்கு ஒரு பக் கன்வர்ட்டர் வெச்சு, அங்கிருந்து இறக்கினா கால் வாட்தான். 230 வோல்ட் வர்ற பக்கத்துக்கும் சில்லு பக்கத்துக்கும் நடுவுல போர்டையே அறுத்து ஒரு பிளவு விடுங்க. ஒவ்வொரு சில்லோட சப்ளை காலுக்குப் பக்கத்துலயும் 0.1 மைக்ரோஃபாரட் மறக்காதீங்க. மத்ததெல்லாம் நெட்டுல கொட்டிக் கிடக்கு.

வரைய கைகேட் போதும். 1992-ல ஒரு பிரெஞ்சுக்காரர் ஆரம்பிச்சது, இலவசம். இத்தனை வருஷம் ஈகிள்ல வரைஞ்சவங்களுக்கும் வேற வழியில்ல, 2026 ஜூனோட அதை நிறுத்தறதா ஆட்டோடெஸ்க் 2023-லயே சொல்லிட்டாங்க. வரைஞ்சதைச் சீனாவுக்கு அனுப்பினா அஞ்சு போர்டு சில டாலர், கூரியர் அதைவிட ஜாஸ்தி. இஸ்திரிப் பெட்டியும் பெர்ரிக் குளோரைடும் வெச்சு வீட்லயே செய்யற சுகம் தனிதான். ஆனா எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பழுப்புத் தண்ணியை சாக்கடையில ஊத்தாதீங்க சாமி. அதுல கரைஞ்சிருக்கறது செம்பு. நம்ம ஏரித் தண்ணியைத்தான் சென்னை குடிக்குது. சலவைச் சோடா போட்டா செம்பு அடியில படியும், வண்டலைத் தனியா எடுத்து வைங்க.

"எதுக்கு இவ்ளோ? படம் போட்டா போச்சு"ன்னு ஒரு நண்பர் கேட்டாரு. கதவுக்கும் கடிகாரத்துக்கும் படம் போடலாம். "கம்பி அறுந்துபோச்சு, திரையில காட்டற சூடு பொய்"ங்கறதுக்கு என்ன படம் போடுவீங்க? இன்னொருத்தர், "நாலு இங்கிலீஷ் வார்த்தை கத்துக்கட்டுமே, அவங்களுக்கும் நல்லதுதானே" அப்படின்னாரு. கத்துக்கட்டும், வேணாங்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு 200 டிகிரி பெட்டி முன்னாடி நிக்கறப்போதான் பாடம் நடத்தணுமா? அதுவும் ஃபீஸ் அவன் கூலியில.

இப்போ நிலவரம்: போர்டு கைகேட்ல முடிஞ்சுது, பத்துக்கு எட்டு சென்டிமீட்டர், ரெண்டு அடுக்கு, ஃபிளாஷுக்கு இடம் விட்டாச்சு. கோப்பு வேணும்னா கேளுங்க, சும்மாவே தர்றேன், செஞ்சு வித்துக்கறவங்களும் எடுத்துக்கலாம். தமிழ் 46 வரியையும் அந்த அக்காகிட்டயே படிச்சுக் காட்டி மாத்தியாச்சு. "வெப்பநிலை வேணாம் சார், சூடுன்னே போடு" அப்படின்னாங்க, போட்டுட்டேன். இந்திக்கு ஆள் இருக்கு. ஒடியாவுக்குத்தான் மாட்டிக்கிட்டு நிக்கறேன். மெஷின் மொழிபெயர்ப்புல எடுத்ததை அந்தப் பையன்கிட்ட காட்டினா சிரிக்கறான், எங்க தப்புன்னு விளக்கிச் சொல்ல எனக்கும் அவனுக்கும் பொதுவா பேச்சு பத்தல. புவனேஸ்வர், ரூர்கேலா பக்கம் இருந்துட்டு வந்த பதிவர்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல ஒரு குரல் குடுங்க. மொத்தம் 46 வரி, அதுல பன்னெண்டு எச்சரிக்கை. அந்தப் பன்னெண்டு முதல்ல வேணும்.